நீதிமொழிகள் டெய்லி காலண்டர்: ஒரு மளிகைக் கடைக்காரியின் மதிப்புரை

விலை 180 ரூபாய். பத்துக்கு மேல் எடுத்தால் 150. போன டிசம்பரில் எங்கள் சர்ச் வாசலில் மேஜை போட்டு விற்றார்கள். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று வாங்கினேன். வெளியிட்டவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற சின்ன வேலை அது, நான் குறை சொல்லப்போகிற இடங்களும் கொஞ்சம் அதிகம். தாள் கிழிக்கிற டெய்லி காலண்டர், மேலட்டையில் தராசுப் படம், வருஷம் முழுக்க வேதாகமத்தின் பழமொழிப் புத்தகமான நீதிமொழிகளிலிருந்து மட்டும் வசனம். பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை. கொள்முதல் வீட்டுக்காரர் பார்ப்பார், கல்லாவும் தராசும் என் பக்கம். அதனால் இந்தக் காலண்டரை வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்து வாசித்ததைவிட, கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே வாசித்ததுதான் அதிகம். நீதிமொழிகளுக்கு அதுவே சரியான இடம் என்றும் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தில் ஆலயம், பலி, பண்டிகை பற்றிய பேச்சு குறைவு. கடன், ஜாமீன், நிறைகல், பக்கத்து வீடு, சாப்பாடு, குடி, வாய்ச்சண்டை, இவைதான் பக்கத்துக்குப் பக்கம்.

நீதிமொழிகளில் 31 அதிகாரம், 915 வசனம். தேதி எதுவோ அந்த அதிகாரத்திலிருந்து அன்றைய வசனம் என்று வைத்திருக்கிறார்கள். 3ஆம் தேதி என்றால் எந்த மாதமானாலும் மூன்றாம் அதிகாரம். நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்து மாதத்துக்கு ஒருமுறை புத்தகத்தை முடிக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதற்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆனால் தாளுக்கு ஒன்று என்றால் 365 தாளில் 365 வசனம்தான் போட முடியும். சுமார் 550 வசனம் வெளியே நிற்கிறது. எதைப் போட்டார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேதி எண் பெரியது, ரோட்டில் நின்றே தெரியும். ஞாயிறு சிவப்பில். மேலே தகரப் பட்டை உறுதியாக இருக்கிறது, சித்திரை வெயிலிலும் தாள் கழன்று விழவில்லை. ராகு காலம், எமகண்டம், அமாவாசை, முகூர்த்தம் எதுவும் கிடையாது. வேதாகமக் காலண்டரில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தேடுகிறார்கள் என்பதால் பக்கத்திலேயே சாதாரண சிவகாசிக் காலண்டர் ஒன்றும் தொங்குகிறது.

பெரிய கோளாறு ஒன்று உண்டு. வசனத்துக்கான விளக்கத்தைத் தாளின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இன்றைய தாளைத் தூக்கிப் பார்த்தால் எழுத்து தலைகீழாக நிற்கும். கிழித்தால்தான் நேராக வாசிக்க முடியும். ஆக, இன்றைக்கு உள்ள வசனத்தின் விளக்கம் நாளைக் காலையில்தான் கிடைக்கும். பின்பக்கத்தை மாற்றிப் போட்டு அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும். கிழித்த தாளை என்ன செய்வது என்பது அடுத்த பாடு. வேறு தாள் என்றால் ஏலக்காய் மடிக்க ஆகும், வசனம் உள்ளதில் மடிக்க மனசு வராது. பில் குத்துகிற கம்பியில் சேர்த்துக்கொண்டே வந்தேன். சில நாள் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

சரி, உள்ளடக்கத்துக்கு வருவோம்.

எங்கள் கல்லாவுக்கு மேலே எல்லாக் கடையையும் போல ஒரு பலகை: "இன்று ரொக்கம் நாளை கடன்." அதற்குப் பக்கத்தில்தான் காலண்டர் ஆணி. ஒரு 3ஆம் தேதி வந்த வசனம் இது: "உன்னிடத்தில் பொருள் இருக்கையில் உன் அயலானை நோக்கி: நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன் என்று சொல்லாதே." பற்று நோட்டில் வாங்குகிற ஓர் அத்தை தாளையும் பார்த்தார், பலகையையும் பார்த்தார். "ஏளா, இந்த ரெண்டுல எது செல்லும்?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அத்தைக்குப் பாமாயில் கடனில்தான் போயிற்று.

மறுநாள் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பார்த்தேன். "ஏழைகளுக்குத் தாராளமாக உதவுங்கள், கர்த்தர் உங்களைப் பெருகச் செய்வார்" என்று இரண்டு வரி. அவ்வளவுதானா என்றிருந்தது. இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்தால் விஷயம் தர்மத்தோடு நிற்காது. செய்யத்தக்கவர்களுக்குச் செய்யாமல் இராதே என்கிறது அது. கொடுக்க வேண்டிய ஆளுக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்காதே என்றுதான் நான் வாசிக்கிறேன். கடைத்தெருவில் இதற்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. வீட்டில் அப்பளம் போட்டு, முறுக்குச் சுற்றி, வடகம் காயவைத்துக் கடைகளுக்குப் போடுகிற பெண்கள் பணம் வாங்க எத்தனை நடை நடக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும், கல்லாவில் பணமும் இருக்கும். "சனிக்கிழமை வாங்க" என்பார்கள். சனிக்கிழமை போனால் "முதலாளி இல்லை." பெரிய கம்பெனி வண்டி வந்தால் மட்டும் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்த லோடு இறங்காதே. அந்த அப்பளக்காரிக்காகவே எழுதினதுபோல ஒரு வசனம் கிடைத்தும் "தாராளமாக உதவுங்கள்" என்று முடித்துவிட்டார்கள்.

வருஷத்திலேயே உருப்படியாகச் செய்த தாள் 11:1, அதாவது 11ஆம் அதிகாரம் முதல் வசனம்தான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." இதற்கு மட்டும் யாரோ உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து யூதா நாட்டில் நிறைகல் என்பது நிஜமாகவே கல். சுண்ணாம்புக் கல்லைக் குவிந்த வடிவத்தில் செதுக்கி, மேலே எடைக்குறி பொறித்திருப்பார்கள். எருசலேமிலும் லாகீசிலும் தோண்டியபோது இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்துக் கணக்கிட்டால் அவர்களுடைய எடை அளவான சேக்கல் ஒன்று சுமார் 11.3 கிராம். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது இன்னொரு கல் என்று பையில் இரண்டு செட் வைத்துக்கொண்டு அலைந்த வியாபாரிகளும் இருந்தார்கள். அதனால்தான் வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான உபாகமத்தில் 25ஆம் அதிகாரமும் பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே என்கிறது. இவ்வளவையும் அந்தச் சின்னத் தாளில் அடக்கியிருந்தார்கள். அதை மட்டும் கம்பியில் குத்தாமல் தராசுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஒட்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு காகிதம் உண்டு, முத்திரைச் சான்றிதழ். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை, இரும்புப் படிக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டாக வேண்டும். சான்றிதழைக் கடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டவும் வேண்டும். இதெல்லாம் 2009ஆம் வருஷத்து எடையளவுச் சட்டமும் அதன் விதிகளும். முத்திரை பார்ப்பது தராசை மட்டும்தான். நீதிமொழிகள் தராசுக்குப் பின்னால் நிற்கிற ஆளையும் சேர்த்துப் பார்க்கிறது. ஸ்வீட்டை அட்டைப் பெட்டியோடு நிறுத்துக் கொடுக்கிறார்களே, அந்தத் தராசில் முத்திரை இல்லையா? இருக்கும். பெட்டியின் எடையைக் கழிக்கிற பட்டனும் இருக்கும், அமுக்க மாட்டார்கள். முந்திரி ஸ்வீட் கிலோ ஆயிரம் ரூபாய் என்றால் எழுபது கிராம் அட்டைக்கு எழுபது ரூபாய்.

பாக்கெட் சாமான் கதை வேறு. 5 ரூபாய், 10 ரூபாய் பிஸ்கட்டில் விலை மாறுவதே இல்லை, கிராம்தான் வருஷா வருஷம் இளைக்கிறது. எடையைப் பொடி எழுத்தில் போட்டிருப்பதால் சட்டப்படி சரி. இது கள்ளத்தராசில் சேருமா சேராதா என்று எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே நல்ல கேள்வி என்றார், பதில் இன்னும் வரவில்லை.

அதே அதிகாரத்தில் 26ஆம் வசனம், தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள் என்பது. காலண்டரில் இல்லை. 2019 கடைசியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, கடைக்காரர்கள் இவ்வளவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்று அரசாங்கம் வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்ததே, அந்த மாதங்களில் கடை வைத்திருந்த யாருக்கும் இந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டாம்.

இனி என் முக்கியமான குறை. இந்தக் காலண்டர் பழமொழியை எல்லாம் வாக்குத்தத்தமாக, அதாவது கடவுள் கொடுத்த உறுதிமொழியாக மாற்றிவிடுகிறது. ஜனவரி 10ஆம் தேதித் தாளில் என்ன இருக்கும் என்று கிழிக்காமலே சொல்லிவிடலாம்: "கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்." பாதி ஆட்டோவிலும் முக்கால்வாசிக் கடையிலும் எழுதியிருக்கிற வசனம். பின்பக்கத்தில் "இந்த ஆண்டு உங்கள் தொழில் இரட்டிப்பாகும்" என்று உறுதி கொடுத்திருந்தார்கள். எங்கள் தொழில் இரட்டிக்கவில்லை, பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வந்ததுதான் மிச்சம். அதே பத்தாம் அதிகாரம் இரண்டாம் வசனம், "அநியாயத்தின் திரவியங்கள் ஒன்றுக்கும் உதவாது." பன்னிரண்டு மாதத்துப் பத்தாம் தேதியையும் புரட்டிப் பார்த்தேன், அதைக் காணோம்.

சோம்பல் விஷயத்திலும் இப்படித்தான். "சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான்" போட்டிருக்கிறார்கள், எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சோம்பேறிக்குச் சொல்கிற வசனமும் வந்துவிட்டது. பின்பக்கத்தில் ஏழையாக இருப்பவர் எல்லாம் சோம்பேறி என்கிற தொனி. விடியற்காலை நாலு மணிக்குச் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு எங்கள் கடையில் அரைக் கிலோ அரிசி வாங்குகிறவரிடம் இந்தத் தாளைக் காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. நீதிமொழிகள் அப்படி ஒருபக்கமாகப் பேசுவதும் இல்லை. 13:23 என்ன சொல்கிறது? "ஏழைகளின் வயல் ஏராளமான ஆகாரத்தை விளைவிக்கும், நியாயம் கிடையாமல் கெட்டுப்போகிறவர்களும் உண்டு." உழைத்தான், விளைந்தது, ஆனாலும் கைக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் அந்தப் புத்தகத்தின் புத்தி. காலண்டர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

22:6க்கு வந்த விளக்கம் இன்னும் மோசம். பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான். இதன் பின்பக்கத்தில், பிள்ளை தவறினால் பெற்றோரின் ஜெபக்குறைவே காரணம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஞாயிறுப் பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்தி, பையன் குடியில் விழுந்து கிடக்கிற தாய்மார் எங்கள் சபையிலேயே உண்டு. பொதுவாக உலகத்தில் நடப்பதைச் சொல்வது பழமொழி. ஐப்பசி மாதம் அடைமழை என்றால் அது மழையோடு போட்ட ஒப்பந்தமா? பிள்ளையைப் பிரம்பால் திருத்தச் சொல்கிற வசனத்துக்கோ, அடித்து வளர்த்த பிள்ளைதான் உருப்படும் என்று ஒரே வரி. பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்று 2009லேயே கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதியாயிற்று. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று விசுவாசிக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் இது.

இவர்கள் முறையில் உள்ள சங்கடம் 26ஆம் தேதிகளில் பளிச்சென்று தெரிந்தது. 26:4: "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே." அடுத்த வசனமே, "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு." தொகுத்தவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை. சில நேரம் வாயை மூட வேண்டும், சில நேரம் நறுக்கென்று பதில் சொல்ல வேண்டும், எது எப்போது என்பதை நீயே பார்த்துக்கொள் என்கிறார்கள். காலண்டரிலோ முதலாவது மார்ச்சில், இரண்டாவது ஆகஸ்டில். ஒன்றுக்கு "மௌனமே கிறிஸ்தவனின் அழகு" என்று விளக்கம், மற்றதற்கு "தைரியமாய்ப் பதில் சொல்லுங்கள்." ஆகஸ்டில் இதைப் படித்துவிட்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தைரியம் காட்டின ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், அதை விடுங்கள்.

வாட்ஸ்அப் என்றதும் 27:14. அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடே சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும். காலை ஐந்து மணிக்குப் பூப்படத்தோடு வசனம் அனுப்புகிறவர்களுக்காகவே உள்ள வசனம். இதையும் போடவில்லை. மாறாக அதற்கு அடுத்ததை மறக்காமல் போட்டார்கள்: அடைமழை நாளில் ஓயாத ஒழுக்கும் சண்டைக்காரியான ஸ்திரீயும் சரி. அன்று முழுக்கக் கடைக்கு வந்த ஆண்களுக்குக் கொண்டாட்டம். ஒருவர் போட்டோ எடுத்தே கொண்டுபோனார். அவர் வாரத்தில் நாலு நாள் டாஸ்மாக்கிலிருந்து நேராக வருகிறவர். 23ஆம் அதிகாரக் கடைசியில் குடிகாரனைப் பற்றி ஏழு வசனம் இருக்கிறது. என்னை அடித்தார்கள், எனக்கு நோகவில்லை என்று உளறி, மறுபடி எப்போது விழிப்பேன், மறுபடி எப்போது தேடுவேன் என்று முடிகிறவரை, பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல இருக்கும். பன்னிரண்டு 23ஆம் தேதியில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

முப்பத்தொன்றாம் அதிகாரத்துக்கு இன்னும் இடுக்கு. 31ஆம் தேதி வருஷத்தில் ஏழு முறைதான் வரும். அந்த ஏழில் குணசாலியான ஸ்திரீ, அழகு வீண், பிள்ளைகள் எழும்பி அவளைப் பாக்கியவதி என்பார்கள் என்று எல்லாம் ரோஜாப்பூப் படத்தோடு. அந்த அம்மாள் வயலை விசாரித்து வாங்குகிறாள், சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் வைக்கிறாள், புடவை நெய்து விற்கிறாள், கச்சைகளை வியாபாரிகளிடம் ஒப்படைக்கிறாள், தன் வியாபாரம் லாபகரமானது என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட இல்லை. ராஜாவான லேமுவேலுக்கு அவன் தாய் சொன்ன புத்தி அதே அதிகாரத்தின் தொடக்கத்தில்: வாய் பேச முடியாதவனுக்காகவும் திக்கற்றவர்களின் நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற. அதுவும் இல்லை.

ஜாமீன் விஷயத்தில் மட்டும் பாராட்ட வேண்டும். ஆறாம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனத்தையும் ஒரே தாளில் நெருக்கி அச்சடித்திருந்தார்கள். சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டாயானால் உன் வாய்மொழிகளால் சிக்குண்டாய், வேடன் கைக்குக் குருவி தப்புகிறதுபோலத் தப்பித்துக்கொள். பின்பக்கத்தில் குழுக் கடனைப் பற்றி நேரடியாகவே எழுதியிருந்தார்கள்: பத்துப் பெண்கள் சேர்ந்து கடன் எடுக்கும்போது ஒருத்தி கட்டாத தவணைக்கு மற்ற ஒன்பது பேரும் பொறுப்பு, கையெழுத்துப் போடுமுன் வட்டியையும் அந்த ஒன்பது பேரையும் விசாரியுங்கள் என்று. கம்பியிலிருந்து அதிகம் பேர் கேட்டு வாங்கியது இந்தத் தாளைத்தான். ஒரு பெண் போட்டோ எடுத்து அவருடைய குழுவுக்கே அனுப்பினார். தவணை வசூலிக்க வருகிற பையனும் நின்று வாசித்தான், ஒன்றும் சொல்லவில்லை.

"பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே" என்ற தாள் வந்த அன்று, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எண்ணெய் வாங்க வந்தவர், எகிப்தில் அமெனெமோபே என்பவர் எழுதிய அறிவுரையிலும் எல்லைக்கல்லை நகர்த்தாதே, விதவையின் நிலத்துக்குள் போகாதே என்று இருப்பதாகச் சொன்னார். அந்தச் சுருள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறதாம், நீதிமொழிகள் 22, 23ஆம் அதிகாரங்களோடு நிறையவே ஒத்துப்போகுமாம். இப்படி ஒரு வரி பின்பக்கத்தில் வந்திருந்தால் வாசிக்கிறவர்களுக்குச் சுவையாக இருந்திருக்கும். சர்வே கல்லைப் பிடுங்கி நட்டு வழக்குக்கு அலைகிறவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை.

வாங்கலாமா என்றால், கடைக்கு வாங்கலாம். ஆள் வந்து போகிற இடத்தில் மாட்டினால் வசனத்தைச் சுற்றிப் பேச்சு கிளம்புகிறது, விளக்கம் தவறவிட்டதை வாடிக்கையாளர்களே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்கு வாங்கினது சமையலறையில் சும்மா தேதி காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 180க்கு வேதாகமத்தையே திறந்து தேதிப்படி அதிகாரத்தை வாசித்துவிடலாம், 550 வசனமும் விட்டுப்போகாது. அடுத்த வருஷத்துக்கு டிசம்பர் முதல் வாரத்தில் மேஜை போடுவார்களாம். 11:26, 13:23, அந்த அம்மாள் வயல் வாங்குகிற 31:16 மூன்றையும் சேர்க்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே பின்பக்கத்தைத் திருப்பி அச்சடிக்கவும்.